கைக்கு ரெஸ்ட்டு

மதியம் பார்வை நேரத்துக்கு வார்டு கதவைத் திறந்ததும் உள்ளே போனேன். எனக்கு முன்னாலேயே மாமா வந்து அக்காவின் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் அப்படியே இருந்தது.

"மாமா, ஹெல்மெட்டு," என்றேன். அவர் காதில் விழவில்லை.

"டீச்சரம்மா, ரெஸ்ட்ரெயின்னா என்னா?"

மாமா என்றால் என் அக்கா சரசுவின் கணவர். பெயர் வீரைய்யா. லாரி ஓட்டியே வாழ்க்கையை ஓட்டியவர். தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான் என்பதால், மச்சினி என்ற உரிமையில் என்னைக் கேலியாக டீச்சரம்மா என்பார். அன்றைக்குக் குரலில் கேலி இல்லை.

யாராவது ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் உடனே சொல்லிவிடுவது என் தொழில் கொடுத்த வியாதி. பணி ஓய்வு பெற்றும் தீரவில்லை. "கட்டி வைக்கிறது மாமா. அசைய விடாம தடுத்து வைக்கிறது," என்றேன்.

பிறகுதான் அக்காவின் கையைப் பார்த்தேன். பக்கவாதம் வந்து அக்காவின் வலது பக்கமும் பேச்சும் போய்விட்டிருந்தன. மிச்சமிருந்தது இடது கை ஒன்றுதான். அந்தக் கையில் விரலே தெரியாத தடித்த வெள்ளை உறை ஒன்றை மாட்டி, மணிக்கட்டில் துணி வார் சுற்றி, கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள்.

"அப்ப ரெஸ்ட்டு இல்லியா?" என்று கேட்டார் மாமா.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். முந்தின நாள் சாயங்காலம் இளம் டாக்டர் ஒருவர் வந்து மலாயில் பேசியிருக்கிறார். அக்கா மூக்கில் போட்ட குழாயைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறாள், அதனால் ஆன்ட்டியின் கையை ரெஸ்ட்ரெயின் செய்ய வேண்டும், சம்மதமா என்று கேட்டிருக்கிறார்.

"கைக்கு ரெஸ்ட்டு குடுக்கப் போறாங்கன்னு நெனச்சேன். அவ்ளோ வருஷம் ஒழச்ச கையி. போலே, போலேன்னுட்டேன். தெரிமா காசேன்னு நன்றி வேற சொன்னேன் லா."

போலே என்றால் சரி. மாமாவின் மலாய், டாக்டரின் மலாயைவிடச் சுத்தமாக இருக்கும். இடையில் வந்த ஒரேயொரு ஆங்கிலச் சொல்தான் அவரைக் கவிழ்த்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அவர் நின்றதற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் போய் வாரைக் கழற்றிவிட்டேன், அதாவது ஹெல்மெட்டின் வாரை.

எதிர்ச்சொல் எழுதுக

குருண் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையை இரண்டு வாரத்துக்கு முன் இந்தப் பத்திரிகைத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு பழைய மாணவி போனில் கூப்பிட்டு, "டீச்சர், அந்த ஆப்போசிட் கிளாஸ எழுதலியே," என்று சிரித்தாள். எழுதக்கூடாது என்று இல்லை. எழுத வந்தால் இங்கேதான் வந்து நிற்கும் என்று தெரிந்து தள்ளிப்போட்டேன்.

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எதிர்ச்சொல் பாடம். டை என்றால் கட்டு, அன்டை என்றால் அவிழ். லாக், அன்லாக். முன்னால் ஓர் 'அன்' போட்டால் கட்டியது எல்லாம் அவிழ்ந்துவிடும், பூட்டியது எல்லாம் திறந்துவிடும். பிள்ளைகளுக்கு அந்த வித்தை ரொம்பப் பிடிக்கும். பார்த்த சொல்லுக்கெல்லாம் 'அன்' போடுவார்கள். ஒருத்தன் அன்ஸ்கூல் என்று எழுதி வைத்தான். அவனை என்னால் திட்ட முடியவில்லை.

திருப்பிக் கேட்டால்தான் வம்பு. "ஃப்ரீக்கு எதிர்ச்சொல் என்ன?" என்றால் வகுப்பே "பிஸி டீச்சர்!" என்று கத்தும். கடைசி பெஞ்சிலிருந்து "காசு டீச்சர்!" என்று ஒரு குரல் வரும். ரிலீஸுக்கு என்ன என்றேன். "ஃப்ளாப்பு" என்றாள் ஒரு பெண், நாடே தீபாவளிப் படத்துக்குக் காத்திருந்த வாரம் அது.

விடுவிப்பதற்கு எதிராக ஆங்கிலத்தில் சொற்கள் வரிசையாக நிற்கும். பைண்ட், ஹோல்ட், ஃபாஸன், கன்ஃபைன், டிடெய்ன், ரெஸ்ட்ரெயின். ஒவ்வொன்றுக்கும் தமிழில் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், அவசரத்துக்கு எல்லாவற்றுக்கும் 'கட்டு' என்றே சொல்லி மணி அடிக்கும் வரை சமாளிப்பேன்.

ஆனால் நம்முடைய கட்டு அப்படி ஒன்றும் மோசமான சொல் இல்லை. பூக் கட்டுகிறோம், வீடு கட்டுகிறோம், சாப்பாடு கட்டிக்கொடுக்கிறோம், காயத்துக்குக் கட்டுப் போடுகிறோம். மாமா அக்காவைக் கட்டிக்கொண்டார் என்றால் அதில் யாருக்கும் வலி இல்லை. கட்டில் கம்பியில் கிடந்த அந்தக் கையைப் பார்க்கும் வரை அந்தச் சொல்லின்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை.

பீங்கான் கைகள்

அக்காவின் கை ஏன் சும்மா இருக்காது என்று டாக்டருக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும்.

நாங்கள் பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார்கள். நான் படித்தேன், அக்கா படிக்கவில்லை. தோட்டத்தில் ஆள் குறைத்த காலத்தில், வாசலுக்கே பஸ் அனுப்பி ஆள் எடுத்தது கூலிம் பக்கம் ஒரு கையுறை கிலாங். தொழிற்சாலையை நாங்கள் கிலாங் என்றுதான் சொல்வோம். அக்கா அந்த பஸ்ஸில் ஏறினாள். கல்யாணமான பிறகும் அங்கேதான் வேலை.

அங்கே ஒரு சங்கிலியில் பீங்கான் கைகள் ஓடிக்கொண்டே இருக்குமாம். எல்லாம் விரல் நீட்டிக்கொண்டு தொங்கும். ரப்பர் பாலில் முங்கி, சூட்டில் காய்ந்து, அக்காவின் முன்னால் வரும்போது ஒவ்வொன்றும் உறை போட்டிருக்கும். அதைப் பிடித்து உரிக்க வேண்டும். அக்காவின் வேலை அதுதான். அவள் உரித்து முடிப்பதற்குள் அடுத்த கை வந்து நிற்கும்.

"மெதுவா இழுத்தா கிழிஞ்சிரும்டி. ஒரே இழுப்பு. அப்பா வெட்டுன பாலு, நான் உரிக்கிறேன்," என்பாள். வீட்டுக்கு வந்தால் அவள் தலைமுடியில்கூட ரப்பர் வாசம் இருக்கும். டிவி பார்க்கும்போதும் விரல்கள் மடியில் இழுத்துக்கொண்டே இருக்கும். மாமா அந்த விரல்களைப் பிடித்து அமுக்கி, "கிலாங் மூடியாச்சு புள்ள," என்பார். கொஞ்ச நேரம் அடங்கும்.

அந்தப் பெரிய நோய் வந்து நாடே பூட்டிக் கிடந்த மாதங்களிலும் அக்காவின் கிலாங் ஓடியது. உலகத்துக்கே கையுறை வேண்டியிருந்தது. எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோம், அவள் மட்டும் பஸ் ஏறினாள்.

மருத்துவமனையில் சேர்த்த முதல் வாரம், ரோஸ் என்ற மிஸ்ஸி குழாயில் பால் ஊற்ற வந்தாள். நர்சை நாங்கள் மிஸ்ஸி என்போம். அக்கா இடது கையை நீட்டி, மிஸ்ஸி போட்டிருந்த நீலக் கையுறையின் விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்துவிட்டாள். மிஸ்ஸி வேறொன்று போட்டு வந்தாள். அதையும் உரித்தாள். "ஆன்ட்டி நி!", இந்த ஆன்ட்டி இருக்கிறாரே, என்று ரோஸ் சிரித்த சிரிப்பில் அடுத்த கட்டில் அம்மாவும் சிரித்துவிட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு நாங்கள் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

அதே விரல்கள் பிறகு மூக்குக் குழாயைப் பிடித்தன. குழாய் வெளியே வரும்போது ரத்தமும் வந்தது. மறுபடி போடும்போது அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அதனால் டாக்டர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல வேண்டும். கோபம் இருந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

கம்பி முனையிலிருந்து

கொஞ்சம் கடலோரம் போய்விட்டு வருகிறேன்.

மெர்போக் ஆறு கடலில் சேரும் இடத்தில் தஞ்சோங் டாவாய் என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. டாவாய் என்றால் மலாயில் கம்பி. அங்கிருந்து படகில் ஏறினால் எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா, அதாவது சுதந்திரக் கடற்கரை. கம்பியிலிருந்து சுதந்திரத்துக்குப் பத்து நிமிஷப் படகு என்று நான் வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள்.

அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் நாங்கள் மூவரும் அங்கே கருவாடு வாங்கப் போனோம். படகில் போகலாம் என்று மாமா ஆசைப்பட்டார். அக்காவுக்குத் தண்ணீர் என்றால் பயம். ஏறியவள் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். அக்கரை போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை. மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். படகுக்காரர் காத்திருந்தார்.

"கைய விடு சரசு. நான்தான் இருக்கேன்ல."

"விட்டா விழுந்துருவேன்."

"அத விட்டுட்டு என்னைய புடி."

அவள் ஒரு கையை மட்டும் எடுத்து அவருடைய கட்டைவிரலைப் பிடித்தாள். பிறகு அடுத்த கை. அன்று முழுவதும் மணலில் நடக்கும்போதும் அந்தக் கட்டைவிரலை விடவில்லை. நான் பின்னால் கருவாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்த வயதில் எனக்கு அது பெரிய கொடுமையாக இருந்தது.

பேச்சு போன பிறகு அவர்கள் இருவரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். மாமா கட்டைவிரலை நீட்டுவார், அக்கா பிடிப்பாள். ஓர் அழுத்து என்றால் தண்ணீர். விடாமல் அழுத்தினால் வலி. சும்மா பிடித்திருந்தால் ஒன்றுமில்லை, சும்மாதான். டாக்டர் கட்டச் சொன்னது அந்தக் கையை.

பிடிச்சுக்கோங்க அங்கிள்

அந்தச் சொல்லின் பொருள் தெரிந்த மறுநாள் மாமா ரோஸ் மிஸ்ஸியிடம் போய் நின்றார். கட்டை அவிழ்த்துவிடச் சொல்லிக் கேட்டார். அவள் பொறுமையாக விளக்கினாள். குழாய் போனால் சாப்பாடு போகாது. மறுபடி மறுபடி போட்டால் உள்ளே புண்ணாகும். ஒரு வார்டுக்கு எத்தனை மிஸ்ஸி இருக்கிறோம், அங்கிளே பாருங்கள் என்றாள். பொய் இல்லை. அவள் எங்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதே இரண்டு கட்டில்களிலிருந்து கூப்பிட்டார்கள்.

கடைசியில் ஒரு வழி சொன்னாள். பார்வை நேரத்தில் அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதானால் அவிழ்த்துவிடலாம். போகும்போது திரும்பக் கட்டிவிட வேண்டும்.

அப்படியே நடந்தது. மதியமும் சாயங்காலமும் மாமா கதவு திறக்குமுன் வந்து நிற்பார். ரோஸோ வேறு மிஸ்ஸியோ வந்து வாரை அவிழ்த்து உறையைக் கழற்றுவார்கள். வியர்த்து வெளுத்திருக்கும் விரல்களை மாமா ஈரத்துணியால் துடைப்பார், இடுக்குகளையும் விடாமல். பிறகு கட்டைவிரலை நீட்டுவார்.

பார்வை நேரம் முடிய மணி அடிக்கும். அதுதான் என்னால் தாங்க முடியாத நேரம். மிஸ்ஸி உறையை மாட்டும்போது அக்கா கையை இழுப்பாள். "அங்கிள், தோலோங் பெகாங்," என்பாள் மிஸ்ஸி. கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று உதவி கேட்கிறாள். மாமா பிடிக்க வேண்டும். அவர் பிடிக்க, மிஸ்ஸி கட்டுவாள். அக்கா மிஸ்ஸியைப் பார்க்க மாட்டாள். அவரைத்தான் பார்ப்பாள்.

ஒருநாள் லிஃப்ட்டுக்காக நின்றபோது மாமா சொன்னார்: "என்னாத்துக்குக் கட்டுறாங்கன்னு அவளுக்குத் தெரியாது டீச்சரம்மா. நான் கட்டுறேன்னுதான் தெரியும்."

நான் ஏதோ சொன்னேன். அக்காவுக்கு எல்லாம் புரியும், உங்களைத் தெரியாதா என்றேன். அவர் லிஃப்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"நல்லாயிட்டா நானே அவகிட்ட சொல்லணும். எனக்கு அந்த வார்த்த தெரியாது புள்ளன்னு."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அவள் தேற வேண்டும், ஒருநாள் அந்தக் கட்டை அவிழ்த்து எறிய வேண்டும், இதை அவளிடம் சொல்ல வேண்டும். நானும் அதற்குத்தான் வேண்டிக்கொண்டேன்.

டா லெப்பாஸ்

ஜெராய் மலை முழுவதும் மேகம் மூடியிருந்த ஒரு விடியலில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. நாங்கள் போய்ச் சேரும்போது அக்கா போய்விட்டிருந்தாள்.

திரைச்சீலை இழுத்திருந்தது. உள்ளே குழாய் இல்லை. கட்டும் இல்லை. இடது கை போர்வைமேல் வெறுமனே கிடந்தது, மணிக்கட்டில் வாரின் தடம் மட்டும் இருந்தது. ரோஸ் பக்கத்தில் நின்றாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

மாமா அழவில்லை. அந்தக் கையைப் பார்த்தார், பிறகு ரோஸைப் பார்த்தார். உயிர் போவதற்கு முன்னால் அவிழ்த்தீர்களா, அப்புறமா? அதைத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். மலாயில் கேட்டார்.

"செபெலும் கா, லெப்பாஸ் கா?" முன்னாலா, பிறகா?

ரோஸ் அழுதுகொண்டே சொன்னாள்: "டா லெப்பாஸ் அங்கிள். டா லெப்பாஸ்."

மலாய் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டா என்றால் ஆயிற்று. லெப்பாஸ் என்றால் பிறகு. அதே லெப்பாஸுக்கு அவிழ்த்துவிடுவது, விடுவிப்பது என்றும் பொருள். அவள் 'பிறகுதான்' என்று சொன்னாளா, 'அவிழ்த்துவிட்டோம் அங்கிள், இனி இல்லை' என்று ஆறுதல் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லுக்குப் பொருள் கேட்கும் அதே பார்வை.

இன்னொரு முறை கேட்டிருக்கலாம். அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டு, பிறகுதான் என்று அவள் தெளிவாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்போதும்போல் கட்டைவிரலை அக்காவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தன் இன்னொரு கையால் மூடிக்கொண்டார். அக்காவை வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி வந்தபோதும் அப்படியே ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வேணாம்

வீட்டில் அக்காவைக் கிடத்தினோம். சடங்கு செய்ய எப்போதும் வரும் ராமு அண்ணே வந்தார். வெள்ளைத் துணியைக் கிழித்து நாடாவாக்கினார். இறந்தவர்களுக்குத் தாடையைச் சேர்த்து ஒரு கட்டு, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு, கைக் கட்டைவிரல்களைச் சேர்த்து ஒரு கட்டு. நம் வழக்கம் அது. தாடைக்கும் காலுக்கும் போட்டு முடித்துக் கைக்கு வந்தார்.

"வீரைய்யா, கைய எடுப்பா. கட்டணும்."

"வேணாண்ணே."

"கட்டாம எப்படிப்பா? கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமா கெடக்கும். சுடுகாட்டுல அவுத்துருவோம் லா."

"அவுத்துருவோம்னுதான் அங்கயும் சொன்னாங்க."

ராமு அண்ணனுக்கு அங்கே நடந்தது ஒன்றும் தெரியாது. நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். படித்தவள் எடுத்துச் சொல்லட்டும் என்ற பார்வை.

"ஒரு தடவ தெரியாம சரின்னுட்டேன். இப்ப தெரிஞ்சு சொல்றேன். கால கட்டியாச்சுல்ல, போதும். கைய நான் புடிச்சிக்கிறேன்," என்றார் மாமா.

சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். வழக்கத்தை மாற்றினால் வீட்டுக்கு ஆகாது என்று ஒரு குரல் வந்தது. மாமா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்காவின் வலது கையை எடுத்து, தன் கட்டைவிரல் இருந்த இடது கைமேல் வைத்து, இரண்டையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ராமு அண்ணே நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பத்தி வாசமும் மல்லிகை வாசமும் நிறைந்த அந்த அறையில் மாமா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மதியம் தாண்டித் தூக்கும் நேரம் வந்தது. பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். நாலு பேர் குனிந்து நின்றார்கள். மாமா எழுந்திருக்கவில்லை. ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்துவிட்டு, என்னை முன்னால் தள்ளினார்கள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "விடுங்க மாமா. நேரமாச்சு."

அவர் தலையைத் திருப்பினார். காலையிலிருந்து வராத கண்ணீர் அப்போது வந்தது.

"நான் எப்பவோ விட்டுட்டேன் டீச்சரம்மா. அவதான் விடல."

குனிந்து பார்த்தேன். அவர் கை தளர்ந்துதான் இருந்தது. விறைத்துப்போன அக்காவின் இடது கை விரல்கள் அவருடைய கட்டைவிரலைச் சுற்றி இறுகியிருந்தன.

வேறு யாரையும் தொட விடவில்லை. அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக நானே பிரித்தேன். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். சுண்டுவிரலுக்கு வந்தபோது மாமா, "மெதுவா," என்றார்.